மாநகராட்சியின் திறந்த தரவுத் தளம் ஏன் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்கள் மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு முன் ஆரவாரமாக ஒரு திறந்த தரவுத் தளத்தை, அதாவது தன் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் இணையதளத்தை, தொடங்கியது. அதில் இப்போது சில நூறு கோப்புகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை பழசு, பாதி பிடிஎஃப், ஒன்றோடு ஒன்று பொருந்துவதில்லை. காரணம் பணமா, தொழில்நுட்பமா, மறைக்கும் எண்ணமா என்று கேட்கிறீர்கள். கூடவே, இருக்கும் எல்லாவற்றையும் அப்படியே வெளியிட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நிர்வாகத்துக்குள் ஒவ்வொரு தரவுக்கும் யார் பொறுப்பு?

நான் பல ஆண்டுகள் ஒரு நகர நிர்வாகத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்த்தவன். துறைகளிடமிருந்து கோப்புகளைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து வெளியிடுவதும், எதை வெளியிடக் கூடாது என்று அவர்களோடு மல்லுக்கட்டுவதும்தான் வேலை. சட்டம் என் படிப்பு அல்ல. தனியுரிமைச் சட்டத்தின் நுணுக்கங்களை ஒரு வழக்கறிஞரிடம் கேட்பதுதான் நல்லது. மற்றபடி, உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு துறை தன் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தும் தரவு உயிரோடு இருக்கும். வெளியிடுவதற்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் தரவு, தயாரித்தவர் இடம் மாறியதும் நின்றுபோகும்.

எப்படி நின்றுபோகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தெருவிளக்குப் புகார்களை எடுத்துக்கொள்வோம். புகார் தொலைபேசியில் வரும், செயலியில் வரும், நேரில் எழுதிக் கொடுத்தும் வரும். செயலியில் வந்தது ஒப்பந்த நிறுவனத்தின் சர்வரில் சேர்கிறது. தொலைபேசிப் புகார் இன்னொரு மென்பொருளில். எழுதிக் கொடுத்தது ஒரு பதிவேட்டில். தரவைத் திறக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், துறையில் எக்செல் நன்றாகத் தெரிந்த ஒருவர் தலையில் இந்த வேலை விழுகிறது. அவர் மூன்றையும் ஒன்றாக்கி, தேதிகளைச் சரிசெய்து (ஒன்றில் நாள் முதலில், இன்னொன்றில் மாதம் முதலில், மாதத்தின் பன்னிரண்டாம் தேதி வரை இந்தப் பிழை கண்ணில் படவே படாது), வார்டு எண்களைப் பொருத்தி, காலாண்டுக்கு ஒரு கோப்பு தருகிறார். அவருடைய வழக்கமான பொறுப்புகளில் இது கிடையாது. முதல் வருடம் பாராட்டு கிடைக்கும். அடுத்த வருடம் வார்டு எல்லைகளை மாற்றி வரைவார்கள். பழைய 14-ஆம் வார்டும் புதிய 14-ஆம் வார்டும் வேறு வேறு இடங்கள். அதைக் கோப்பில் எங்கும் யாரும் குறித்து வைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வருகிறது, கோப்பு அந்தக் காலாண்டோடு நிற்கிறது. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. துறைக்கு அந்தக் கோப்பு தேவைப்படவே இல்லை, அவ்வளவுதான். அது இல்லாமலே விளக்குகள் பழுது பார்க்கப்படுகின்றன.

இதற்கு நேர்மாறான உதாரணம் பேருந்து நேர அட்டவணை. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து, நிறுத்தங்கள், தடங்கள், நேரங்கள் ஆகியவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக ஒரே ஜிப்பில் கட்டித் தரும் வடிவம் ஒன்றை உருவாக்கின. ஜிடிஎஃப்எஸ் என்கிற அந்த வடிவத்தில்தான் இன்று உலகெங்கும் போக்குவரத்து அமைப்புகள் தங்கள் அட்டவணையை வெளியிடுகின்றன. அது நிலைத்ததற்கு அதன் எளிமை ஒரு காரணம். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், பேருந்துகளை ஓட்டுவதும் அதே அட்டவணைதான் என்பது. அதில் தவறு இருந்தால் மறுநாள் காலையிலேயே நிறுத்தத்தில் நிற்கும் பயணி திட்டுவார், சாயங்காலத்துக்குள் திருத்த வேண்டியிருக்கும். திறந்த தரவின் வெற்றிக் கதைகள் என்று மேடைகளில் சொல்லப்படுபவை பெரும்பாலும் போக்குவரத்தைப் பற்றியே இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தரவு ஆளுகை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது நடைமுறையில் சில சலிப்பூட்டும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருப்பதுதான். இந்தத் தரவு யார் பொறுப்பு, யார் திருத்தலாம், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், எத்தனை காலம் வைத்திருந்து எப்போது அழிக்க வேண்டும், யாருக்குக் காட்டலாம். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பங்கு அந்த நெடுவரிசைப் பொருளில் கிளம்பியவை. சாலைப் பள்ளம் பற்றிய புகாரில் 'முடிந்தது' என்று ஒரு நிலை இருக்கும். சாலைப் பிரிவில் அதற்குப் பொருள், பள்ளம் அடைக்கப்பட்டது. புகார் மையத்தில் அதற்குப் பொருள், புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் வேலை அத்தோடு முடிந்தது. இரண்டாவது கோப்பை மட்டும் பார்த்த ஒரு செய்தியாளர், புகார்கள் ஒரே நாளில் தீர்ந்துவிடுகின்றன என்று எழுதினால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? இப்படி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கம் எழுதி வைப்பதைத் தரவு அகராதி என்பார்கள். அதை எழுதுபவருக்குப் பெயரும் கிடைக்காது, புகைப்படமும் கிடைக்காது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் போவதும் அதுதான். எண்களைப் படங்களாகத் திரையில் காட்டும் புது டாஷ்போர்டுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே உங்கள் தளத்தில் இருக்கும் பாதிக் குழப்பம் தீரும்.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா என்றால், ஓரளவுக்கு. நியூயார்க் நகரம் 2012-இல் திறந்த தரவுக்கென்றே ஓர் உள்ளூர்ச் சட்டம் கொண்டுவந்தது. வெளியிடத்தக்க தரவெல்லாம் 2018 முடிவதற்குள் ஒரே தளத்துக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு இல்லாத கொள்கை காகிதத்திலேயே தங்கிவிடும் என்பதால் அதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் எங்கே கெடு வைத்தாலும் துறைகள் எண்ணிக்கை காட்டத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே அட்டவணையை ஆண்டுவாரியாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித் தரவுத்தொகுப்பு என்று கணக்குக் காட்டுவது நான் வேலை பார்த்த இடத்திலேயே நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் வழி எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். அங்கே துறைக்கு ஒரு தரவு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும், துறை தன்னிடம் இருக்கும் தரவுகளைப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல்தான் முக்கியம். வெளியிடாத தரவின் பெயரும், ஏன் வெளியிடவில்லை என்ற காரணமும் அதில் இருந்தால், கேட்பவருக்கு எதைக் கேட்பது என்று தெரியும். இருப்பதே தெரியாத ஒன்றை யார் கேட்பார்கள்?

திறந்த தரவு பற்றிய எண்ணப்போக்கும் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 2007 டிசம்பரில் கலிபோர்னியாவின் செபாஸ்டபோல் என்ற ஊரில் கூடிய ஒரு சிறு குழு அரசின் திறந்த தரவுக்கு எட்டுக் கோட்பாடுகளை எழுதியது: முழுமையாக இருக்க வேண்டும், மூல வடிவில் இருக்க வேண்டும், காலத்தோடு வர வேண்டும், கணினி படிக்கும்படி இருக்க வேண்டும் என்று போகிறது அது. 2015-இல் வந்த சர்வதேசத் திறந்த தரவு சாசனம், தரவு இயல்பாகவே திறந்திருக்க வேண்டும் என்பதை முதல் கொள்கையாக வைத்தது. சில ஆண்டுகளில் அதே சாசனத்தை நடத்துபவர்களே, நோக்கத்தோடு வெளியிடுங்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். குவித்து வைத்த கோப்புகளை யாரும் தொடவில்லை என்பதுதான் பின்னணி. சிலர் இதைப் பின்வாங்கல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் முழுதாகத் திறந்திருக்கட்டும். சுத்தம் செய்து புதுப்பிக்கும் உழைப்பை, யாராவது உண்மையில் கேட்கும் தரவுக்குச் செலவிடட்டும்.

ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நகரங்களில் தரவு நகரத்தின் கையிலேயே இல்லை. வாகன நிறுத்தம், குப்பை வண்டி, வாடகை சைக்கிள் என்று எதை எடுத்தாலும் சேவை நடத்தும் நிறுவனத்திடம்தான் தரவு இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது இதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால், பிறகு தன் சொந்தத் தரவைத் தானே காசு கொடுத்துக் கேட்கும் நிலை வரும். பார்சிலோனா தன் ஒப்பந்தங்களிலேயே, சேகரிக்கப்படும் தரவைக் கணினி படிக்கும் வடிவில் நகரத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று விதி சேர்த்தது. டொராண்டோவில் கதை வேறு மாதிரிப் போனது. 2017-இல் கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் ஏரிக்கரையில் ஒரு புதுக் குடியிருப்புப் பகுதியை, சுற்றி நடப்பதைப் பதிவு செய்யும் உணரிகளோடு கட்டப்போவதாக அறிவித்தது. யார் தரவைச் சேகரிக்கலாம், யார் வைத்துக்கொள்ளலாம் என்பது தீராத சர்ச்சையானது. திட்டத்துக்குத் தனியுரிமை ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியன், தரவைச் சேகரிக்கும் இடத்திலேயே அடையாளம் நீக்குவதை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் 2018-இல் விலகினார். 2020 மே மாதம் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. பொருளாதார நிச்சயமின்மையைக் காரணமாகச் சொன்னது. தரவுச் சர்ச்சைக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அப்படியே வெளியிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் டாக்ஸித் தரவைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2013-ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்ஸிப் பயணங்களின் விவரம், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டதால் தரப்பட்டு, 2014-இல் இணையத்துக்கு வந்தது. பயணிகளின் பெயர் அதில் இல்லை. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்டி5 என்ற முறையில் புரியாத எழுத்துச்சரங்களாக மாற்றப்பட்டிருந்தன. ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் ஒரே சரம்தான் வரும். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட சில அமைப்புகளில் மட்டுமே வரக்கூடியவை. சாத்தியமான மொத்த எண்களே சில கோடிகளைத் தாண்டாது. அத்தனைக்கும் எம்டி5 கணக்கிட்டு ஒப்பிட ஒரு சாதாரணக் கணினியே போதும். ஒரு மென்பொருள் பொறியாளர் மிகக் குறைந்த நேரத்தில் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். அப்புறம் இன்னொருவர், பிரபலங்கள் டாக்ஸியில் ஏறும் புகைப்படங்களில் தெரிந்த வண்டி எண்ணைத் தரவோடு பொருத்தி, அவர்கள் எங்கே போனார்கள், எவ்வளவு கட்டணம் கொடுத்தார்கள் என்று காட்டினார். எண்களைச் சரியாக மறைத்திருந்தாலும் ஆபத்து முழுதாகப் போயிருக்காது. ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் மூன்றும் துல்லியமாக இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு வீட்டு வாசலில் தினமும் இறங்குபவர் யார் என்று கண்டுபிடிக்க வண்டி எண் எதற்கு?

இதில் உறுதியானதையும் விவாதத்துக்கு உரியதையும் பிரித்தே சொல்கிறேன். சில சாதாரண விவரங்களைச் சேர்த்தாலே ஒருவரை அடையாளம் காணலாம் என்பது உறுதி. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லதானியா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டார். 2006-இல் வேறொருவர் அதைத் திரும்பக் கணக்கிட்டபோது 63 சதவீதம் வந்தது. எந்த எண் சரி என்பது வாதம். இரண்டில் எதை எடுத்தாலும் பெயரை நீக்கினால் போதும் என்ற வாதம் நிற்காது. ஒருமுறை வெளியிட்டதைத் திரும்ப வாங்க முடியாது என்பதும் உறுதி. எவ்வளவு மங்கலாக்கினால் போதும் என்பதில்தான் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எண்களில் கணக்கிட்டு அளவான பிழையைக் கலக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். கணித உத்தரவாதம் வலுவானது. ஆனால் சிறிய பகுதிகளின் எண்கள் நம்பகத்தன்மை இழந்துவிட்டதாக ஆய்வாளர்கள் பலர் குறை சொன்னார்கள். நகரத்தின் தரவு பெரும்பாலும் சிறிய பகுதிகளைப் பற்றியதுதான் என்பதால் இது நமக்கு நேரடிச் சிக்கல். நடைமுறையில் நான் நம்புவது எளிய வழிகளை. சிகாகோ தன் குற்றப் பதிவுகளை வெளியிடும்போது வீட்டு எண்ணைத் தருவதில்லை, தெருவின் எந்தப் பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கடைசி ஏழு நாள் தரவையும் நிறுத்தி வைக்கிறது. ஆய்வுக்கும் போதும், பாதிக்கப்பட்டவரின் வாசலுக்கும் வழி காட்டாது.

தனியுரிமையைவிடக் குறைவாகப் பேசப்படுவது, தரவில் யார் இல்லை என்பது. பாஸ்டனில் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு செயலி வந்தது. காரில் போகும்போது கைபேசி குலுங்குவதை வைத்துப் பள்ளங்களைக் கண்டுபிடிக்கும். கைபேசியும் காரும் அதிகம் உள்ள பகுதிகளின் பள்ளங்கள்தானே முதலில் தெரியும்? நகர நிர்வாகம் இதை உணர்ந்து, எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகப் போகும் தன் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் செயலியைக் கொடுத்தது. புகார்த் தரவு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு வார்டில் புகார் குறைவு என்றால் அங்கே குறை இல்லை என்று பொருளாகாது. புகார் செய்து பலனில்லை என்று மக்கள் விட்டுவிட்டிருக்கலாம்.

பயன் எவ்வளவு என்ற கேள்வியில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். லண்டன் போக்குவரத்து அமைப்பின் திறந்த தரவால் ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை நன்மை கிடைக்கிறது என்று டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. எண்ணைக் கவனமாகப் படியுங்கள். அந்த ஆய்வைச் செய்யச் சொன்னது அதே போக்குவரத்து அமைப்பு. பயணிகள் மிச்சம் பிடித்த நேரத்துக்கு விலை போட்டுச் சேர்த்த கணக்கும் அதில் இருக்கிறது. பொய் என்று சொல்லவில்லை, பணமாகக் கையில் எண்ணக்கூடியது அல்ல என்கிறேன். தரவை விற்றுக் காசாக்கலாம் என்ற யோசனைக்கு இன்னும் குறைந்த ஆதாரமே உண்டு. கோபன்ஹேகன் நகரமும் ஹிட்டாச்சி நிறுவனமும் 2016-இல் தொடங்கிய, தரவை வாங்கவும் விற்கவுமான சந்தை 2018-இல் மூடப்பட்டது. திறந்த தரவால் ஊழல் குறையும் என்று அடித்துச் சொல்பவர்களையும் கொஞ்சம் தள்ளியே நம்புங்கள். கோப்பைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு பத்திரிகையோ மன்ற உறுப்பினரோ இல்லாத இடத்தில் கோப்பு தானாக எதையும் செய்யாது.

நான் உறுதியாக நம்பும் பயன்கள் சின்னவை. நியூயார்க்கில், நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சில வகைச் சரிவுகளுக்கு முன்னால் வண்டி நிறுத்தலாம் என்று 2008 இறுதியில் விதி மாறியது. ரோந்து போலீசார் பலருக்கு அது தெரியவில்லை. அபராதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016-இல் ஒரு புள்ளியியல் ஆசிரியர் திறந்த அபராதத் தரவை வரைபடத்தில் போட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். போலீஸ் துறை தவறை ஒப்புக்கொண்டு காவலர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தது. சிகாகோவில் உணவக ஆய்வுக்கு, தளத்தில் ஏற்கனவே இருந்த பழைய ஆய்வு முடிவுகளையும் புகார்களையும் வைத்து எந்தக் கடைக்கு முதலில் போவது என்று கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2014-இல் இரண்டு மாத ஆய்வுகளோடு ஒப்பிட்டுச் சோதித்ததில், கணித்த வரிசையில் போயிருந்தால் கடுமையான விதிமீறல்கள் சராசரியாக ஏழு நாள் முன்னதாகத் தெரியவந்திருக்கும் என்று தெரிந்தது. நிரலையும் பொதுவில் வைத்ததால் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. நகரமே தன் தளத்தின் தரவை நம்பி வேலை செய்ததால், அந்தக் கோப்பைப் புதுப்பிக்கச் சொல்லி யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உங்கள் மாநகராட்சியிடம் இன்னும் நிறையக் கோப்பு போடுங்கள் என்று கேட்காதீர்கள், போட்டுவிடுவார்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டிய ஒரே ஒரு தரவைத் தேர்ந்தெடுங்கள். அதைத் துறைக்குள் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். யாரும் பயன்படுத்துவதில்லை என்றால் அதன் மூலப் பதிவு எங்கே இருக்கிறது, எந்த நிறுவனத்தின் மென்பொருளில், ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடியும் தருணம்தான் விதியைச் சேர்க்க நல்ல சமயம். தொகுத்த எண்களுக்குப் பதில் வரிவரியான பதிவையும், நெடுவரிசை விளக்கத்தையும், கடைசியாகப் புதுப்பித்த தேதியையும், மறுபயன்பாட்டு உரிமத்தையும் கேளுங்கள். பிழை கண்டால் கோப்பின் பெயர், வரிசை எண் குறிப்பிட்டு எழுதுங்கள். பொத்தாம் பொதுவாகத் திட்டி வரும் கடிதத்தை யாரும் திறப்பதில்லை, குறிப்பிட்ட பிழையைத் திருத்துவது உள்ளே இருப்பவருக்கும் ஒரு சாக்கு. கேட்கும் கோப்பில் தனிநபர் விவரம் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் நெடுவரிசைத் தலைப்புகளை மட்டும் இங்கே போடுங்கள், எவை ஆபத்தானவை என்று பார்த்துச் சொல்கிறேன். பதிவுகளைப் போட்டுவிடாதீர்கள்.